பொம்மைப் படையும் மெய்யான மக்களும்

‘விளையாட்டு வினையாகும்’ என்று பெரியோர் எச்சரிப்பதுண்டு. அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் விளையாட்டு கல்வியும் ஆகும். சில வேளைகளில் மனச்சாட்சியை நோக்கிய கேள்வியும் ஆகும் என்பதை இவ்வாண்டு அறிந்துகொண்டோம். அந்தக் கேள்வியையும் அதற்கு நாங்கள் கண்ட விடையையும் தோழியர்க்கும், அருட்சகோதரியர்க்கும், பெற்றோர்க்கும் முன்வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் எழுவர் சேர்ந்து ஒரு படை திரட்டினோம். படை என்றவுடன் அஞ்ச வேண்டாம்! எங்கள் வீரர் ஒவ்வொருவரும் 28 மில்லிமீட்டர் உயரமே. கட்டைவிரலின் மேற்கணுவுக்குச் சரியாக இருப்பார்கள். மொத்தம் பன்னிரண்டு பேர்; ஒரு சாப்பாட்டுத் தட்டில் அனைவரும் அடங்கிவிடுவர். இப்படிச் சிற்றுருவங்களைச் செய்து, வண்ணம் தீட்டி, மேசைமேல் நிறுத்தி, பகடை உருட்டி நகர்த்தும் விளையாட்டு மேலை நாடுகளில் நூறாண்டுக்கு மேற்பட்ட பழக்கம். பத்துப் பன்னிரண்டு உருவங்கள் கொண்ட சிறு கூட்டத்தைப் போர்க்குழு என்பார்கள். எங்கள் போர்க்குழு உய்குர் மக்களுடையது. அதன் தலைவி ஒரு சீன வீரக்கதையிலிருந்து வந்தவள்.

இதைக் கேட்டவர்கள் மூன்று தடைகளை எழுப்பினர். ‘பெண் பிள்ளைகளுக்குப் போர் விளையாட்டு எதற்கு?’ என்றனர் சிலர். ‘போரை விளையாட்டாக்குவது முறையா?’ என்றனர் வேறு சிலர். மூன்றாம் தடையை எழுப்பியவளோ எங்கள் எழுவரில் ஒருத்தி. ‘இன்றும் துன்பத்தில் இருக்கும் ஒரு மக்கள் இனத்தை நாம் பொம்மையாக்கலாமா?’ என்று அவள் கேட்டாள். முதல் இரண்டுக்கும் விடை கூறுவது எளிது. மூன்றாவதுதான் எங்கள் கைவேலையைப் பல நாள் நிறுத்தி வைத்தது.

யார் இந்த மக்கள்?

திபெத்துக்கு வடக்கே தக்லமக்கான் என்னும் பெரும் பாலைவனம் கிடக்கிறது. அதன் விளிம்பில் மலைப்பனி உருகி ஓடிவரும் ஆறுகளை நம்பி காஷ்கர், யார்க்கந்து, கோத்தான், அக்சு போன்ற சோலை ஊர்கள் எழுந்தன. பட்டுப் பாதையின் வணிகர் கூட்டங்கள் தங்கிச் சென்ற ஊர்கள் இவை. இங்கு வாழ்வோரே உய்குர் மக்கள். பேசுவது துருக்கியக் குடும்பத்து மொழி, எழுதுவது அரபு எழுத்தில், சமயம் இஸ்லாம். சீன நாட்டின் சிஞ்சியாங் பகுதியில் 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இவர்கள் ஏறத்தாழ 1 கோடியே 16 லட்சம் பேர்.

இவர்கள் வரலாறு நீண்டது. கி.பி. 744 முதல் 840 வரை மங்கோலியப் புல்வெளியில் உய்குர் பேரரசு ஒன்று இருந்தது. அது வீழ்ந்தபின் மக்களில் ஒரு பகுதியினர் துர்ஃபான் பக்கம் குடியேறினர். அங்கே புத்த சமயம் தழைத்த உய்குர் அரசு ஒன்று உருவாயிற்று. இஸ்லாம் அவர்கள் அனைவரையும் தழுவியது அதற்குப் பல நூற்றாண்டுகள் கழித்தே. 18ஆம் நூற்றாண்டில் இவர்கள் தம்மை ஊர்ப்பெயரால் ‘காஷ்கர்க்காரர்’, ‘துர்ஃபான்காரர்’ என்றே சொல்லிக்கொண்டனர். ‘உய்குர்’ என்ற பழம்பெயர் 1921இல் தாஷ்கந்தில் கூடிய மாநாட்டுக்குப் பின்னரே பொதுப்பெயராக மீண்டும் வழக்கிற்கு வந்தது.

இவற்றையெல்லாம் ஏன் கூறுகிறோம்? ‘உய்குர் வீரன்’ என்று ஒரே ஓர் உருவம் கிடையாது என்பதற்காகவே. எட்டாம் நூற்றாண்டுக் குதிரைவீரனுக்கும் பதினெட்டாம் நூற்றாண்டுக் குதிரைவீரனுக்கும் உடையிலும் படைக்கலத்திலும் சமயத்திலும் கூட ஒற்றுமை குறைவு. ஆண்டைத் தீர்மானிக்காமல் ஒரு தொப்பியைக் கூடச் செய்ய முடியாது! நாங்கள் தேர்ந்தெடுத்த ஆண்டு 1758. அதைத் தேர்ந்தவர் ஒரு கதாசிரியர். நாங்கள் அவரைப் பின்பற்றினோம்.

கதை சொன்னது என்ன?

சீனத்தில் ‘வூசியா’ என்றொரு கதை வகை உண்டு. ‘வூ’ என்பது போர்க்கலை. ‘சியா’ என்பது நீதிக்காக அதைப் பயன்படுத்துபவர். இவ்வகையில் புகழ்பெற்றவர் ஜின் யோங். 1924இல் பிறந்து 2018இல் மறைந்த இவர் ஹாங்காங்கில் வாழ்ந்த பத்திரிகையாளர். ‘நூலும் வாளும்’ என்று நாம் பெயரிடத்தக்க இவரது முதல் நாவல் 1955இல் ஒரு மாலை நாளிதழில் தொடராக வந்தது. ஆங்கிலத்தில் கிரகாம் எர்ன்ஷா மொழிபெயர்த்து 2004இல் வெளியாயிற்று. 1987இல் ஆன் ஹுய் என்னும் பெண் இயக்குநர் இதை இரண்டு திரைப்படங்களாக எடுத்தார்.

கதை சியான்லோங் பேரரசர் காலத்தில் நடக்கிறது. மஞ்சு ஆட்சியை எதிர்க்கும் ஓர் இரகசியச் சங்கத்தின் இளந்தலைவன் சென் ஜியாலுவோ. பாலைவனத்து மக்களின் புனித நூல் களவு போகிறது. அதை மீட்க வருகிறாள் தலைவன் மகள் ஹுவோ சிங்தோங். மஞ்சள் அங்கி, பொன்னிழைத் தொப்பி, தொப்பியின் ஓரத்தில் நீண்ட பச்சை இறகு, தோற்காலணி, கருங்குதிரை. இப்படித்தான் அவள் கதைக்குள் நுழைகிறாள். வாளெடுத்தால் ஒரு வீச்சு மூன்றில் ஒரு பங்கு முடியுமுன்பே அடுத்த வீச்சுக்கு மாறிவிடும். தடுக்க நினைப்பவன் கை, வாள் இல்லாத இடத்தில் நிற்கும்!

ஆனால் எங்கள் மனத்தைக் கவர்ந்தது அவள் வாள் அன்று. கறுப்பாற்றங்கரையில் சாவோஹுய் என்னும் தளபதியின் பெரும்படையை அவள் சேற்று நிலத்துக்கு இழுத்து அழிக்கிறாள். அந்தத் திட்டம் நிறைவேறும் வரை அதை வெளியே சொல்ல முடியாது. தன் தங்கை காசிலியும் சென் ஜியாலுவோவும் பகைவரால் சூழப்பட்டிருந்தும், உடனே உதவிப் படை அனுப்ப மறுக்கிறாள். அது பகைவன் விரித்த வலை என்று அறிந்திருந்தாள். அவளுடைய மக்கள் என்ன நினைத்தார்கள்? தங்கைமேல் பொறாமை கொண்டு இப்படிச் செய்கிறாள் என்று நினைத்தார்கள்! பெற்ற தந்தையே ஐயுற்றார். அவள் வென்றாள், வென்றபின் நோயில் விழுந்தாள். பகைவன் படையைவிடச் சொந்த மக்களின் ஐயமே அவளுக்குப் பெரிய சுமையாயிற்று. ஒரு பெண் தலைமை ஏற்றால் அவள் அறிவை ஆராயாமல் அவள் மனத்தை ஆராய்வது உலக வழக்கம் போலும்.

தங்கை காசிலியின் கதை இன்னும் துயரமானது. அவள் பேரரசரின் கைக்குள் சிக்குகிறாள். நாட்டின் விடுதலைக்காக என்று சொல்லி, அவளை அன்பு செய்த சென் ஜியாலுவோவே அவளைப் பேரரசருக்கு இசையச் சொல்கிறான். பேரரசரோ வாக்கை மீறுகிறார். அவர் வஞ்சகத்தைத் தெரிவிக்க அவள் தன் உயிரையே கொடுக்கிறாள். இந்த இடத்தில் நாவலாசிரியரோடு நாங்கள் ஒத்துப்போகவில்லை என்பதை வெளிப்படையாகக் கூறுகிறோம். கொடுப்பதற்கு அவள் என்ன அவனுடைய பொருளா? எவ்வளவு உயர்ந்த நோக்கமாயினும், இன்னொருவர் வாழ்வை விலையாகக் கொடுத்து வாங்குபவன் வீரன் ஆகமாட்டான்.

கதையும் வரலாறும்

கதையைப் படித்தபின் வரலாற்றைத் தேடினோம். அது வேறுவிதமாக இருந்தது. 1758இன் இறுதியில் யார்க்கந்துக்கு அருகே கறுப்பாற்றங்கரையில் சாவோஹுய் முற்றுகைக்குள்ளானது உண்மை. ஆனால் அவர் அழியவில்லை. ஏறத்தாழ மூன்று மாதம் தாக்குப்பிடித்தார். 1759இன் தொடக்கத்தில் உதவிப்படை வந்து அவரை மீட்டது. அவ்வாண்டு முடிவதற்குள் சோலை ஊர்கள் யாவும் பேரரசின் வசமாயின. எதிர்த்து நின்ற கோஜா சகோதரர் இருவரும் பதக்‌ஷான் நாட்டுக்கு ஓடி அங்கே உயிரிழந்தனர்.

காசிலிக்கும் ஒரு வரலாற்று மூலம் உண்டு. ‘நறுமண அரசி’ என்று கதைகள் சொல்லும் பெண், சியான்லோங்கின் அரண்மனையில் ரோங் என்னும் பட்டத்துடன் வாழ்ந்தவர். 1734இல் பிறந்தார், 1760இல் அரண்மனை சேர்ந்தார், 1788இல் இறந்தார். கதைகள் அவரைக் கலகத் தலைவனின் மனைவி என்றும், சிறைப்பிடிக்கப்பட்டவர் என்றும் கூறும். வரலாற்றிலோ அவருடைய உறவினர் கோஜா சகோதரருக்கு எதிராகப் பேரரசின் பக்கம் நின்றவர்கள். அவர் உடல் காஷ்கரில் இருப்பதாக மக்கள் நம்பி ஒரு கல்லறையைக் காட்டுவர். உண்மையில் அவர் அடக்கம் செய்யப்பட்டது பெய்ஜிங்குக்குக் கிழக்கே உள்ள அரச கல்லறைகளில்.

ஆகவே எங்கள் தலைவி வரலாற்றில் இல்லை. அவள் வெற்றியும் இல்லை. இதை மறைத்துவிட்டு ‘இதோ உய்குர் வரலாறு’ என்று பொம்மைகளைக் காட்டினால் அது பொய் சாட்சி. எனவே ஒவ்வோர் உருவத்துக்கும் ஓர் அட்டை எழுதினோம். அட்டையின் ஒரு பக்கத்தில் கதை, மறுபக்கத்தில் வரலாறு.

கையும் கண்ணும்

வெளிநாட்டில் இவ்வுருவங்களை வெள்ளீயக் கலவையிலும் பிளாஸ்டிக்கிலும் வார்த்து விற்கிறார்கள். எங்கள் கைக்கு அவை எட்டா. மெல்லிய செம்புக் கம்பியை வளைத்து எலும்புக்கூடு செய்தோம். குழாய் ஒழுகலை அடைக்க வீட்டில் வைத்திருக்கும் எம்-சீல் பசையின் இரு துண்டுகளைச் சம அளவில் பிசைந்து, கம்பியின்மேல் தசையாக ஏற்றினோம். நனைத்த பல்குத்தும் குச்சிதான் உளி. பிசைந்த சிறிது நேரத்தில் இறுகத் தொடங்கிவிடும். ஆகவே ஒருநாள் உடல், மறுநாள் அங்கி, அதற்கடுத்த நாள் முகம் என்று படிப்படியாகச் செய்ய வேண்டும். அவசரக்காரியர்க்கு இந்தக் கலை வாய்க்காது. (கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே சாப்பிட வேண்டும் என்று எங்கள் தாய்மார் வற்புறுத்தினர், அதுவும் சரியே.)

குண்டூசியின் தலையை நறுக்கித் தட்டினால் வாள். தட்டாமல் விட்டால் ஈட்டி. தலைவியின் பச்சை இறகு பல் துலக்கும் பிரஷிலிருந்து பிடுங்கிய ஒரு மயிர். பீடம் பழைய கோட்டுப் பொத்தான். அதன்மேல் பசை தடவி மணல் தூவினால் தக்லமக்கான் தயார்!

வண்ணம் தீட்டுவதில் மஞ்சளைப் போல் முரண்டு பிடிக்கும் நிறம் வேறில்லை. கறுப்பின்மேல் மஞ்சளைப் பூசினால் அழுக்குப் பச்சையாகும். எத்தனை பூச்சுப் பூசினாலும் அடி தெரியும். முதலில் செங்காவி, அதன்மேல் காவிமஞ்சள், கடைசியில் மடிப்பின் மேடுகளில் மட்டும் தெளிந்த மஞ்சள் என மூன்று படியாகத் தீட்டினால் அங்கி ஒளிர்கிறது. அவள் வாள்வித்தையைக் காட்டுவது எப்படி? அசையாத பொம்மையில் ‘முடியாத வீச்சை’க் காட்ட வேண்டுமே! வாளை ஒரு பக்கமும் பார்வையை மறுபக்கமும் திருப்பினோம். அடுத்த வெட்டு எங்கே விழும் என்பதைக் கண் சொல்லும்.

உடையில்தான் நிறையக் கற்றோம். கோத்தான் ஊர் ‘அத்லஸ்’ பட்டு உலகப் புகழ் பெற்றது. நெய்வதற்கு முன்பே பாவு நூலை ஆங்காங்கே கட்டிச் சாயம் ஏற்றி, பின் தறியில் இடுவார்கள். அதனால் நிறங்களின் ஓரம் தீயின் நாக்குப் போல் கரைந்து நிற்கும். நம் தாய்மார் உடுத்தும் போச்சம்பள்ளிச் சேலையும் நூலைக் கட்டிச் சாயமேற்றும் இதே குடும்பத்து நெசவுதான்! கடையில் அந்தச் சேலையை விரித்துப் பார்த்தே அத்லஸ் தீட்டப் பழகினோம். ஆயினும் இத்தகைய பட்டு மத்திய ஆசியாவில் பெரிதும் செழித்தது 19ஆம் நூற்றாண்டில். ஆகவே 1758ஆம் ஆண்டுக் குழுவில் ஒருவருக்கு மட்டுமே அதை உடுத்தினோம். மற்றவர்க்குப் பஞ்சு வைத்துத் தைத்த சாதாரண நீளங்கி. தலையில் ‘தோப்பா’ என்னும் பூவேலைத் தொப்பி. நான்கு மூலையுள்ள அந்தத் தொப்பியை ஒரு மிளகின் அளவில் செய்து பூவேலை தீட்டியவளுக்கு நாங்கள் எல்லாரும் கைதட்டினோம்.

எல்லோரையும் தலைப்பாகையும் தாடியும் வளைந்த வாளுமாக ஒரே அச்சில் செய்வது மிக எளிது. ‘பாலைவனத்து மனிதர்’ என்றால் இப்படித்தான் என்று திரைப்படங்கள் நமக்குப் பழக்கிவிட்டன. அந்த அச்சை உடைக்கத்தான் இவ்வளவு பாடும். ஒருவர் தொப்பியைச் சரியாகச் செய்ய முயல்பவர், அவரை ஒரு மனிதராக எண்ணத் தொடங்குகிறார்.

ஓவியம் தீட்டிய துறவியர்

எங்களுக்கு வழிகாட்டியாக ஒரு படத்தொகுதியும் உண்டு. சியான்லோங் தம் வெற்றிகளைப் பதினாறு பெரும் போர்க்காட்சிகளாக வரையச் சொன்னார். வரைந்தவர் யார் தெரியுமா? பெய்ஜிங் அரண்மனையில் பணிபுரிந்த கத்தோலிக்கத் துறவியர்! காஸ்டிலியோனி, அத்திரே, சிசல்பார்ட் என்னும் இயேசு சபையினர் மூவரும், அகுஸ்தீன் சபைத் துறவி ஒருவரும் அவற்றை வரைந்தனர். ஓவியங்கள் பாரிசுக்கு அனுப்பப்பட்டு, அங்கே செப்புத் தகடுகளில் செதுக்கப்பட்டன. கறுப்பாற்று முற்றுகை முடிந்த காட்சியும் அவற்றில் ஒன்று.

குதிரையின் சேணம், கூடாரம், திரித் துப்பாக்கி ஆகியவற்றை அறிய இப்படங்கள் உதவுகின்றன. ஆயினும் அவற்றை வரைந்தவர்கள் போர்க்களத்தை நேரில் கண்டவர்கள் அல்லர். வரையச் சொன்னவரோ வென்றவர். வென்றவர் படத்தில் தோற்றவர் ஓடிக்கொண்டும் விழுந்துகொண்டுமே இருப்பர். எங்கள் வீரர்களை நிமிர்ந்து நிற்க வைத்ததற்கு அதுவே காரணம்.

பெண்களுக்கு ஏற்றதா?

இனித் தடைகளுக்கு வருவோம். ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1913இல் பொம்மைப் போர் விளையாட்டுக்கென்று ஒரு நூல் எழுதினார். அது சிறுவர்க்கானது என்று முகப்பிலேயே அறிவித்துவிட்டு, சற்று அறிவு மிகுந்த சிறுமியர்க்கும் ஒரு மூலையில் இடம் கொடுத்தார். அந்த மூலைக்காக அவருக்கு நன்றி கூறுவதா, கோபிப்பதா என்று எங்களுக்குத் தெரியவில்லை!

அவருக்கு வெகுகாலம் முன்பே நடந்த ஒன்றைக் கூறுகிறோம். 1826இல் இங்கிலாந்தில் ஒரு போதகர் தம் மகனுக்கு மரச் சிப்பாய்கள் வாங்கி வந்தார். அவருடைய மூன்று பெண்களும் ஆளுக்கொரு சிப்பாயை எடுத்துக்கொண்டனர். மூத்தவளுக்கு அப்போது பத்து வயது. சிப்பாய்களுக்குப் பெயர் வைத்தார்கள், நாடு அமைத்தார்கள், அந்தப் பொம்மைகள் படிப்பதற்கென்றே உள்ளங்கைக்குள் அடங்கும் புத்தகங்களைப் பொடி எழுத்தில் எழுதினார்கள். அச்சிறுமியர்தாம் பின்னாளில் ஆங்கில இலக்கியத்தில் அழியா இடம் பெற்ற ஷார்லட், எமிலி, ஆன் பிராண்டி. ‘ஜேன் அயர்’ எழுதிய கை முதலில் ஒரு மரச் சிப்பாயைப் பிடித்த கை. பெண் பிள்ளைகளுக்கு இது எதற்கு என்று கேட்போர்க்கு இதைவிட வேறு விடை வேண்டுமோ?

போரைப் போற்றுவதா?

பகடையால் ஒரு பொம்மை வீழ்ந்தால் எழுப்பி நிறுத்தலாம். மனிதன் வீழ்ந்தால் முடியாது. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டால் விளையாட்டு வினைதான். ஆனால் மறக்க வேண்டிய கட்டாயம் இல்லை. உருவம் ஒவ்வொன்றுக்கும் பத்து நாள் உழைத்தவளுக்கு அது கீழே விழுந்தாலே நெஞ்சு பதைக்கிறது. வெல்ஸ் அவர்களும் சிறு போரை விளையாடிப் பார்த்தவர் பெரும் போரின் மூடத்தனத்தை உணர்வார் என்றே வாதாடினார். அவர் நூல் வந்த மறு ஆண்டே முதல் உலகப்போர் மூண்டது. நூல் போரைத் தடுக்காது என்பது உண்மை. ஆயினும் தடுக்கவில்லை என்பதற்காக அவர் கூற்றுத் தவறாகிவிடாது.

எங்கள் விளையாட்டில் வெற்றி என்பது எத்தனை பேரை வீழ்த்தினோம் என்பதில் இல்லை. எத்தனை பேரை உயிரோடு சோலைக்குக் கொண்டு சேர்த்தோம் என்பதில் உள்ளது. இன்னொரு விதியையும் சேர்த்தோம். தலைவி கட்டளையிடும் போதெல்லாம் பகடை உருட்ட வேண்டும். ஒன்றோ இரண்டோ விழுந்தால் அவள் மக்கள் அவளை ஐயுறுகின்றனர். அந்த முறை யாரும் நகரமாட்டார்கள். சரியான திட்டம் வைத்திருந்தும் நம்புவாரின்றி நிற்பது எப்படி இருக்கும் என்பதை இந்த ஒரு விதி எங்களுக்கு உணர்த்தியது. ஹுவோ சிங்தோங்கின் நோய் என்ன நோய் என்பது அப்போது விளங்கிற்று.

மூன்றாம் தடை

உய்குர் மக்கள் வெறும் கதை மாந்தர் அல்லர் என்றாள் எங்கள் தோழி. அவள் காட்டிய செய்திகளைச் சுருக்கமாகத் தருகிறோம். 2017 முதல் சிஞ்சியாங்கில் உய்குர் மக்களும் பிற இஸ்லாமியரும் பெருந்தொகையாக முகாம்களில் அடைக்கப்பட்டனர். 2022 ஆகஸ்டு 31ஆம் நாள் ஐக்கிய நாடுகளின் மனித உரிமை அலுவலகம் வெளியிட்ட அறிக்கை, அங்கு நடந்தவை மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்கள் ஆகக்கூடும் என்று கூறியது. சீன அரசு இதை மறுக்கிறது. அவை தொழிற்பயிற்சி நிலையங்கள் என்றும், தீவிரவாதத்தைத் தடுக்கவே அமைந்தவை என்றும் சொல்கிறது.

ராஹிலே தாவுத் என்ற பேராசிரியை உய்குர் மக்களின் நாட்டுப்புறக் கதைகளையும் அடியார் கல்லறைகளையும் ஊர் ஊராய்ச் சென்று ஆராய்ந்தவர். 2017 டிசம்பரில் அவர் காணாமற்போனார். அவருக்கு ஆயுள் சிறை விதிக்கப்பட்டது என்ற செய்தி 2023இல்தான் உலகுக்கு உறுதியாயிற்று. அந்த மக்களின் உண்மைக் கதைகளை நமக்குச் சொல்ல வேண்டியவர் சிறையில் இருக்க, ஹாங்காங் எழுத்தாளர் ஒருவரின் கற்பனையை வைத்து நாம் பொம்மை செய்வது தகுமா? தோழியின் கேள்வி இதுதான்.

இதற்கு எளிய விடை இல்லை. ‘அப்படியானால் செய்யவே வேண்டாம்’ என்று முதலில் மூவர் கூறினர். மற்றவர் கேட்டனர்: செய்யாமல் விட்டால் யாருக்கு நன்மை? ஒரு மக்களைப் பற்றிப் பேசாமல் இருப்பது அவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகுமா? இந்தக் கதையைப் படிக்காதிருந்தால் எங்களில் ஒருவருக்கேனும் காஷ்கர் என்ற ஊர்ப்பெயர் தெரிந்திருக்குமா? ராஹிலே தாவுத் என்ற பெயரைத் தேடியிருப்போமா? கதை எங்களை அந்த மக்களின் வாசல்வரை கொண்டுவந்து விட்டது. வாசலிலேயே நின்று கதவின் வண்ணத்தை வியந்துவிட்டுத் திரும்புவதுதான் குற்றம்.

இறுதியில் நான்கு உறுதிகள் செய்துகொண்டு வேலையைத் தொடர்ந்தோம்.

ஒன்று: காசிலியின் உருவம் கைப்பற்றும் பரிசாக எந்த ஆட்டத்திலும் வராது. இத்தகைய விளையாட்டுகளில் ‘இளவரசியைச் சிறைமீட்டல்’ என்ற காட்சி அடிக்கடி வரும். எங்கள் காசிலி தன் வழியைத் தானே தேர்ந்து நடப்பாள்.

இரண்டு: குழுவில் எல்லோரும் வாளேந்தியவர் அல்லர். தலைவியும் தங்கையும், தலைவிக்கு வாள் கற்பித்த முதிய தம்பதியரும், மூன்று குதிரைவீரரும், இரண்டு வில்லாளிகளும், துப்பாக்கிக்காரர் ஒருவரும் ஆகப் பத்துப் பேர். மற்ற இருவரில் ஒருத்தி ‘துதார்’ என்னும் இருநரம்பு யாழை மீட்டுகிறாள். அத்லஸ் பட்டு அவளுக்கே. பதினாறாம் நூற்றாண்டில் யார்க்கந்து அரசி அமன்னிசா கான் ‘பன்னிரண்டு முகாம்’ என்னும் பெரும் இசைத்தொகுதியைத் திரட்டியதாக மரபு கூறுகிறது. அவர் நினைவாக இவளைச் செய்தோம். இன்னொருவர் ரொட்டி சுடுபவர். தோளில் நான் ரொட்டிகள். கையில் ஆயுதம் இல்லை. ஆட்டத்தில் எல்லோரும் பாதுகாக்க விரும்புவது அவரைத்தான்!

மூன்று: உருவங்களை எங்கே காட்டினாலும் அட்டைகளையும் உடன் வைப்போம். கதை எது, வரலாறு எது, இன்றைய நிலை எது என்று மூன்றையும் பார்ப்பவர் அறிய வேண்டும். இதற்காக ஒவ்வோர் அட்டையிலும் மூன்றாவதாக ஒரு பகுதி சேர்த்தோம். அதை எழுதும் பொறுப்பைக் கேள்வி கேட்ட தோழியே ஏற்றாள்.

நான்கு: எதிர்ப்பக்கத்து மஞ்சு வீரர்களையும் இதே கவனத்தோடு செய்வோம். ஓர் இனத்தின்மேல் இரக்கம் காட்டுவதற்கு இன்னோர் இனத்தின்மேல் வெறுப்பு மூலதனமாகக் கூடாது. சீன மக்கள் வேறு, ஓர் அரசின் செயல் வேறு. ஹுவோ சிங்தோங்கை நமக்குத் தந்தவரும் ஒரு சீன எழுத்தாளரே அன்றோ?

தோழி எங்களோடு வேலை செய்கிறாள். ஆனால் முழுவதும் உடன்பட்டாள் என்று கூறமாட்டோம். ‘அந்த மக்களில் ஒருவர் இதைப் பார்த்து என்ன சொல்வார் என்று தெரியும்வரை என் மனம் அமைதியடையாது’ என்கிறாள். அவள் சொல்வது நியாயம். அந்த அமைதியின்மை எங்கள் எழுவருக்கும் இருக்கட்டும் என்றே விரும்புகிறோம்.

அன்புத் தோழியரே! கதை படியுங்கள், அதில் வரும் ஊரை வரைபடத்தில் தேடுங்கள், அவ்வூரார் இன்று எப்படி வாழ்கிறார்கள் என்று கேளுங்கள். கை வேலை செய்யட்டும். கூடவே மனமும் வேலை செய்யட்டும். பெற்றோரே! உங்கள் பெண் கம்பியும் பசையுமாக மேசையை அழுக்காக்கினால் சற்றுப் பொறுங்கள். அவள் செய்துகொண்டிருப்பது பொம்மையாக இருக்கலாம். ஆனால் தொலைவில் உள்ள ஒரு மனிதரை உற்றுப் பார்க்கவும் அவள் கற்றுக்கொண்டிருக்கிறாள். கட்டைவிரற்கணு அளவேயுள்ள ஒரு முகத்தைச் சரியாகத் தீட்ட இவ்வளவு பொறுமை வேண்டுமானால், மெய்யான முகங்களைப் பற்றித் தீர்ப்புக் கூறுமுன் எவ்வளவு பொறுமை வேண்டும் என்று எண்ணிப் பார்ப்போமாக!

பத்தாம் வகுப்பு மாணவி